சந்தை, அரசு, ஒரு கணக்குக் கொப்பி

கடந்த ஆண்டு எமது சங்கம் நடத்திய விவாத அரங்கொன்றில், கல்வியையும் மருத்துவத்தையும் அரசு சந்தையிடம் ஒப்படைத்துவிடுதலே நன்று என்ற கட்சியில் நின்று பேசவேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. கட்சியை நான் தெரிந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கியபோது கையில் வந்தது அது. ஐந்தாம் வயது தொடக்கம் எந்தப் பாடசாலைக்கும் கட்டணம் செலுத்தியறியாதவன், மகாபொல உதவிப்பணத்திலே சாப்பாட்டுக் கடனைத் தீர்ப்பவன், மேடையேறி இலவசக் கல்வியை எதிர்த்துப் பேசுவதா என்று நண்பர்கள் நகையாடினர். விவாதம் என்பது ஒரு பயிற்சிதானே என்று நானும் சிரித்துவிட்டு நூலகத்துக்குச் சென்றேன்.

பொருளியலை ஒரு பாடமாகக் கொண்டிருந்தும் ஹயெக், மில்ரன் பிறீட்மன் ஆகியோரை அதுகாறும் நான் நேரே வாசித்ததில்லை. எம்மவர் மத்தியில் இப்பெயர்கள் வாதங்களாக அன்றி வசைச் சொற்களாகவே வழங்கி வருகின்றன. பிறீட்மன் என்றதும் பினோசேயின் சிலி நாடு நினைவுக்கு வரும். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். மறுக்கவேண்டுமென்ற ஆவலோடு திறந்த அந்நூல்கள் என்னைச் சில இரவுகள் உறங்கவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முதலில் என் கண்ணிற்பட்டது ஒரு தற்செயலான ஒற்றுமை. சமுதாயத்தில் அறிவு எவ்வாறு பயன்படுகின்றது என்பது பற்றிய ஹயெக்கின் புகழ்பெற்ற கட்டுரை 1945ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வெளிவந்தது. அடுத்த மாதம் முதலாந் திகதி, கன்னங்கரா அவர்களின் முயற்சியின் பேறாக, இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஒருவரையொருவர் அறியாத இருவர், ஏறத்தாழ ஒரே வேளையில், எதிரெதிர்த் திசைகளில் நடக்கத் தொடங்கியிருக்கின்றனர். ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நடத்துவதற்கு வேண்டிய அறிவு எந்தவொரு மூளையிலும் முழுமையாக இருப்பதில்லை. அது இலட்சக்கணக்கானோரிடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றது. விலை என்பது அத்துண்டுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மொழி. அம்மொழியைக் குழப்பிவிட்டு ஒரு திட்டக்குழு அவ்வறிவை ஈடுசெய்ய முயல்வது வீண் - இதுவே ஹயெக்கின் வாதம்.

இதனை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தவர் என் தந்தையார். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் பயிரிடுபவர் அவர். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடைசெய்தபோது, தோட்டத்து வரம்பில் நின்று அவர் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் நிற்கிறது. "எந்தப் பயிருக்கு, எந்தக் கிழமை, என்ன வேணுமெண்டு கொழும்பிலை மேசைக்குப் பின்னாலை இருக்கிறவைக்கு ஆர் சொன்னது?" ஹயெக் சொல்லியது இதைவிட அதிகம் அன்று. தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. விளைச்சல் அதற்கு முன்னரே வீழ்ந்துவிட்டது. அரங்கில் இதனைக் கூறியபோது கமக்காரரின் பிள்ளைகள் பலர் தலையசைத்தனர்.

ஆனால், உண்மையாகவே என்னை உலுக்கியது பிறீட்மன் 1962ஆம் ஆண்டு வெளியிட்ட 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' என்ற நூல். சந்தையின் ஒரு நற்குணத்தை அவர் அதில் விதந்துரைக்கின்றார். பாண் வாங்குபவன், அதற்கான கோதுமையை விளைவித்தவன் எந்த நிறத்தவன், எந்தக் கட்சியினன் என்பதை அறியான், அறிய வேண்டியதுமில்லை. ஆகவே சிறுபான்மையினருக்குச் சந்தையைப்போற் புகலிடம் வேறில்லை என்பது அவர் முடிவு. அமெரிக்கருக்காக எழுதப்பட்ட இவ்வரிகள் எம்மைப்பற்றி எழுதப்பட்டவை போலத் தோன்றின. ஒரு நாட்டில் பல்கலைக்கழகக் கதவுகள் யாவும் ஒரே கையில் இருக்குமாயின், அக்கை எவருக்கு எந்த அகலத்தில் கதவைத் திறக்கும் என்பதை நாம் 1971இலேயே கண்டுகொண்டோம். அவ்வாண்டு மருத்துவபீடத்துக்குத் தெரிவாவதற்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் வேண்டப்பட்டன. அதன் பின்னர் வந்த மாவட்டப் பங்கீட்டையும், அவற்றால் ஒரு தலைமுறை எங்கே திரும்பியது என்பதையும் இவ்வேட்டின் வாசகருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. "அரசு தரும் கல்வி இலவசம் அன்று, அதன் விலையை வேறொரு நாணயத்தில் நாம் செலுத்தியிருக்கிறோம்" என்று நான் முடித்தபோது மண்டபத்தில் எழுந்த கரவொலி அடங்கச் சற்று நேரம் சென்றது. எமது கட்சி வென்றது.

எதிர்க்கட்சியினர் எவரும் 1983ஐ எழுப்பவில்லை. கறுப்பு ஜூலையில் கொழும்பில் எரிந்த கடைகளுக்கு வந்தவர்கள், பாண் விற்றவன் யார் என்பதை நன்கறிந்தே வந்தனர். திறந்த பொருளாதாரம் பிறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. எழுப்பியிருந்தால் என்னிடம் விடை இருந்திராது.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பியபோது அடுத்த அறை நண்பன் விழித்திருந்தான். மலையகத்தவன், ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து மருத்துவபீடத்துக்கு வந்தவன். அவன் கூறியதை அவன் மொழியிலேயே தருகிறேன். "நல்லாத்தான் பேசுன மச்சான். 250, 229ன்னு நீ சொன்னப்ப நானும் கைதட்டுனேன். தட்டிட்டு ரூமுக்கு வந்தப்பறந்தான் யோசிச்சேன். என்னோட வெட்டுப்புள்ளி என்னான்னு ஒனக்குத் தெரியுமா? நீ இன்னைக்கு ஏசுன அந்த மாவட்டப் பங்கீடுதான் என்னைய உள்ள விட்டுச்சு."

கல்வி வசதி குறைந்த மாவட்டமெனக் கணிக்கப்பட்ட நுவரெலியாவின் பங்கில் வந்தவன் அவன். அவன் பெற்ற புள்ளியுடன் யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் மருத்துவபீடத்தை எட்டிப் பார்த்திருக்க முடியாது. எம்மவர்க்கு அநீதியாக வந்த ஒரு பொறி, அரைநூற்றாண்டின் பின், எம் மொழி பேசும் இன்னொருவனுக்கு ஏணியாகியிருக்கின்றது. 'தமிழர்' என்று நான் மேடையில் ஒருமையிற் பேசிய சொல்லினுள் அவன் இருந்தானா என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இலவசக் கல்வி 1945இல் வந்தது என்கிறோம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். இடைப்பட்ட காலத்தில் அங்கிருந்த பிள்ளைகளுக்கு இருந்தது தோட்ட நிருவாகம் நடத்திய, பெரும்பாலும் ஓராசிரியரே கற்பித்த, ஐந்தாம் வகுப்புக்கு மேல் அரிதாகவே சென்ற பாடசாலை. ஒரு வகையில் அதுவும் தனியார் கல்விதான்!

பேச்சு அத்துடன் நின்றிருக்கலாம். ஊர்ப் பெருமை பேசும் பழக்கம் என்னை விடவில்லை. அரசின் தயவின்றியே எங்கள் குடும்பம் முன்னேறியது, என் அப்பப்பா மிளகாய்ச் செய்கையிலே கல்வீடு கட்டினார் என்று அவனிடம் சொன்னேன். "எந்த வருசம்?" என்று கேட்டான். 1974 என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எங்க அப்பாயியோட கைப்பிள்ள அந்த வருசந்தான் போயிருச்சு" என்றான்.

இவ்விடத்தில் அக்காலத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1970இல் பதவிக்கு வந்த கூட்டு முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதியை இறுக்கியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றது. விலை ஏறியது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தன் வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் கண்டிராத செல்வத்தைக் கண்டான். மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரமும், லொறியும், கல்வீடும் வந்தன. அந்த அரசாங்கத்துக்கு எங்கள் ஊரில் வாக்களித்தவர்கள் மிகச் சிலரே. நிதி அமைச்சராயிருந்த என்.எம். பெரேரா ஒரு திரொட்ஸ்கியவாதி. அவர் கொள்கையை வெறுத்துக்கொண்டே அதன் பலனை அறுவடை செய்தனர் எம் முன்னோர். 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் கதவுகளைத் திறந்ததும் அப்பொற்காலம் முடிந்தது. அப்பப்பாவின் செல்வத்தை ஆக்கியது சந்தையன்று, ஓர் அரசாணை. அழித்ததும் மற்றோர் அரசாணையே. இதை எங்கள் வீட்டில் எவரும் இவ்வாறு சொல்லி நான் கேட்டதில்லை. உரத் தடையைச் சபித்த என் தந்தையார், அறுவடைக் காலத்தில் இறக்குமதி வெங்காயத்தின்மீது வரியைக் கூட்டவேண்டுமென்று கேட்கும் மகசரில் முதல் ஆளாகக் கையொப்பமிடுபவர். ஹயெக்கை அவருக்கு முழுமையாக மொழிபெயர்த்துச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

அதே ஆண்டுகள் மலையகத்துக்கு எவ்வாறு இருந்தன? உலகச் சந்தையில் உணவு விலை உயர்ந்தது. எண்ணெய் விலை உயர்ந்தது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டு, வீதிகளிலே பைகள் சோதிக்கப்பட்டன. வயற்காரனிடம் நெல் இருந்தது; தோட்டத் தொழிலாளியிடம் கொழுந்து மட்டுமே இருந்தது. 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் திடீரென உயர்ந்தமை குடிசனப் புள்ளிவிவரங்களிற் பதிவாகியுள்ளது. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் உண்டு, பாலற்றுப்போன அப்பாயியின் கைப்பிள்ளை அவ்வெண்ணிக்கையில் ஒன்று.

நான் மேடைப் பழக்கத்திலே, அதுவும் அரசு செய்த வினைதானே, அரிசிக்குத் தடை போடாதிருந்தால் வியாபாரிகள் மலைக்குக் கொண்டுவந்திருப்பார்களே என்றேன். வாதம் பிழையன்று என்றே இப்போதும் நினைக்கிறேன். நண்பன் கோபிக்கவில்லை. "கொண்டாந்து கடையில வச்சிருப்பாங்க. வாங்குறதுக்குச் சம்பளம்?" என்று மட்டும் கேட்டான்.

இக்கேள்வியைச் சில வாரம் சுமந்து திரிந்தேன். அப்போது என் மனம் சென்று நின்றது 1953இல். அவ்வாண்டு டட்லி சேனநாயக்கா அரசாங்கம் அரிசி மானியத்தை வெட்டியது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. ஒக்ரோபரில் பிரதமர் பதவி துறந்தார். அதன் பின் ஏறத்தாழ கால்நூற்றாண்டுக்கு எந்த அரசாங்கமும் அரிசியில் அஞ்சாமற் கைவைத்ததில்லை. 1974இல் மக்கள் இறந்தபோது எந்தப் பிரதமரும் பதவி துறக்கவில்லை. ஏன்? 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் இறந்தவர்களுள் பெரும்பாலோரின் வாக்குச்சீட்டைப் பறித்திருந்தன. விலை என்ற மொழியைப் பேசக் கையிலே காசு வேண்டும் என்பதை ஹயெக்கை மறுப்போர் கூறுவர், சரி. ஆனால் அரசு என்ற செவியை எட்டவும் ஒரு நாணயம் வேண்டியிருக்கிறது. தோட்டத் தொழிலாளியிடம் இரண்டுமே இருக்கவில்லை. எங்கள் அரங்கில் அன்று இரு கட்சியினரும் மாறி மாறிப் பேசியது, இரண்டில் ஒன்றையேனும் உடையவர்களைப் பற்றியே.

மருத்துவத்தைப் பற்றிய என் மேடை வாதங்கள் மிக மெலிந்தவை. அவற்றை நண்பனிடம் சொன்னபோது அவன் நகைத்தான். மருத்துவருக்கு அரசு அனுமதிப்பத்திரம் வழங்கும் முறையே வேண்டாம், அது பழைய கைவினைச் சங்கங்களின் ஏகபோகத்தைப் போன்றது என்று பிறீட்மன் எழுதியிருப்பதை அவன் நம்பவேயில்லை, நூலைக் காட்டவேண்டியதாயிற்று. பின்னர் சற்று யோசித்து, மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக 2017இல் மருத்துவ மாணவர் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தபோது, அதில் இலவசக் கல்வியின் மீதான பற்று எவ்வளவு, எதிர்கால வருமானத்தின் மீதான பற்று எவ்வளவு என்று பிரித்தறிவது கடினந்தான் என ஒப்புக்கொண்டான். அவனது அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆயினும் நோயாளி ஒருவர் சந்தைக்குச் செல்லும் மற்றைய நுகர்வோரைப் போன்றவரல்லர். தான் வாங்குவது என்னவென்பதை அவர் அறியார். விற்பவரே வாங்கவேண்டியதையும் சொல்கின்றார். கெனத் அரோ என்ற பொருளியலாளர் 1963இல் இதனைத் தெளிவாக எழுதினார். எமது நாட்டுப் பேராசிரியர் சேனக்க பிபிலே இதை ஏட்டில் மட்டும் எழுதாது செய்தும் காட்டினார். வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை ஏறத்தாழ அறுநூறாகக் குறைத்து, 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மூலம் உலகச் சந்தையில் விலைகோரி மலிவாக வாங்கச் செய்தார். கூர்ந்து நோக்கினால், அவர் சந்தையை ஒழிக்கவில்லை. மருந்தின் உண்மைப் பெயரை வெளிப்படுத்தி, விற்பவர்களைப் போட்டியிட வைத்தார். பிறீட்மனின் மாணவர்கள் பாராட்டியிருக்க வேண்டிய காரியம்! பல்தேசியக் கம்பனிகள் பாராட்டவில்லை.

2022இல் நிலைமை வேறாயிற்று. டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. அப்பப்பா மாதந்தோறும் அரசாங்க வைத்தியசாலையிற் பெற்றுவந்த குளிசைகள் இல்லையெனத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டனர். வெளியிலே மருந்துக்கடையில், அரசு விதித்த உச்ச விலைக்கு இறக்குமதி செய்வோர் கொண்டுவரத் தயங்கியதால், சில காலம் அங்கும் இல்லை. இலவசமும் இல்லை, விலைக்கும் இல்லை. இரு தத்துவங்களும் ஒருசேரக் கைவிட்ட அம்மாதங்களில் அப்பப்பா குளிசையைப் பாதியாக முறித்து விழுங்கினார்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அவரிடம் 1974ஐப் பற்றிக் கேட்டேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இடப்பெயர்வுகள் அத்தனையிலும் கூடவே எடுத்துச் சென்ற தகரப்பெட்டியிலிருந்து ஒரு கணக்குக் கொப்பியை எடுத்தார். கொழும்புக்கு ஏற்றிய செத்தல் மிளகாய் மூடைகளின் கணக்கு அதில் இருந்தது. "பள்ளிக்கூடம் இலவசந்தான் தம்பி. மாமியைப் பட்டணத்திலை போடிங்கிலை விட்டது, சப்பாத்து, ரியூசன், எல்லாம் இந்தக் கொப்பிதான்" என்றார். மாமி ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டார். நான் உயர்தரத்துக்குப் படித்த காலத்திலும் அப்படியே. பாடசாலை அரசினுடையது, பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தியது தட்டிக்கொட்டகையில் இருநூறு பேர் நெருங்கியிருந்த ரியூட்டரி. இலவசக் கல்வியின் மாண்பை எனக்கு மிக அழகாக விளக்கியவர், மாதக் கட்டணம் கட்டாதவனை வாசலில் நிறுத்திய அந்தப் பொருளியல் ஆசிரியர்தான். பிறீட்மன்கூடக் கல்விக்கு அரசு பணம் கொடுக்கக் கூடாதென்று சொல்லவில்லை. 1955இல் அவர் கேட்டது, பணத்தைப் பாடசாலைக்குக் கொடாமல் பெற்றோர் கையிற் பற்றுச்சீட்டாகக் கொடுங்கள் என்பதே. எங்களுக்குக் கிடைத்திருப்பதோ பற்றுச்சீட்டு இல்லாத சந்தை. மிளகாயோ வெங்காயமோ விற்றவன் மட்டும் நுழையக்கூடியது.

கொப்பியை இரவல் வாங்கி வந்து நண்பனிடம் காட்டினேன். எதற்காகக் காட்டினேன் என்று எனக்கே விளங்கவில்லை; அவனுடைய அந்த ஆண்டுக்கு என்னுடைய அந்த ஆண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எண்ணினேன் போலும். அவன் ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையுடன் வாசித்தான். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. மண்ணெண்ணெய், உரம், லொறிக் கூலி, கோயில் உபயம். தைப்பொங்கலுக்கு முந்திய ஒரு திகதியில் விரலை வைத்து நிறுத்தினான். 'பொடியனுக்குச் சேட்டு 1' என்று அங்கே எழுதியிருந்தது.

"யாரு இந்தப் பொடியன்?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அப்பப்பாவைத் தொலைபேசியிற் கேட்டேன். "அது மலைநாட்டுப் பொடியன் ஒருத்தன். அந்தப் பஞ்சத்துக்கை ஆரோ கூட்டிக்கொண்டு வந்து விட்டது. பத்துப் பன்ரெண்டு வயசிருக்கும். தோட்டத்துக்குத் தண்ணி மாறுவான், மாடு பாப்பான்." பெயர் அவருக்கு நினைவில்லை, ராசுவாயிருக்கலாம் என்றார். அவன் பள்ளிக்கூடம் போனானா என்று கேட்டேன். பள்ளிக்கூடம் எங்கள் தோட்டத்து வேலியிலிருந்து நூறு யார் தூரந்தான்.

"எங்கை போறது? பிறகு மாடு ஆர் பாக்கிறது?" என்றார், வெகு இயல்பாக. பின்னர் சற்று நேரம் மறுமுனையில் இருமல் மட்டுமே கேட்டது. அவன் எப்போது, எங்கே போனான் என்பதும் அவருக்கு நினைவில்லை.

நண்பனிடம் இதனைச் சொன்னேன். அவன் கொப்பியை மீண்டும் வாங்கி, அந்தப் பொடியனுக்குச் சம்பளம் ஏதும் எழுதியிருக்கிறதா என்று கடைசிப் பக்கம்வரை தேடினான். தேடிவிட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் படிக்கச் சென்றான். அவனுக்கு மறுநாள் வாட்டில் வேலை இருந்தது. கொப்பி இன்னும் என்னிடந்தான் இருக்கிறது. பரீட்சை முடிந்து போகும்போது கொண்டுபோக வேண்டும். அப்பப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.